ரேங்க் கார்டில் அறிவியல் 28: கையெழுத்து போடுவதற்கு முன்னால்

அண்ணே, தண்டையார்பேட்டையில பத்தாவது படிக்கிற பையன் காலாண்டு அறிவியல்ல 28 எடுத்துட்டு, "பிராக்டிகல் சேர்த்தா பாஸ்"னு சொல்றான்னு கேட்டிருந்தீங்க. பாதி சரி.

முதல்ல அது எத்தனைக்கு 28னு பாருங்க. பொதுத்தேர்வில் எழுத்து 75, செய்முறை 25. எழுத்துல குறைஞ்சது 20, மொத்தம் 35 வேணும். 75க்கு 28னா தப்பிச்சான், நூத்துக்குன்னா ஃபெயில்தான்.

கார்டு மட்டும் பத்தாது, விடைத்தாளைக் கேளுங்க. 75 மார்க் தாள்ல எழுத வேண்டிய கேள்விகள்: ஒரு மார்க் கேள்வி 12, ரெண்டு மார்க் கேள்வி ஏழு, நாலு மார்க் கேள்வி ஏழு, ஏழு மார்க் கேள்வி மூணு. கடைசி மூணும் காலியா இருந்தா 21 அங்கேயே போச்சு. நேரம் பத்தலையா, படிக்கலையான்னு கேளுங்க. கூட்டலையும் சரிபாருங்க, உள்பக்க மார்க் சில சமயம் விட்டுப்போகும்.

வருகை நாள் கட்டத்தையும் பாருங்க. பசங்க அதை விரலால மறைச்சுத்தான் நீட்டுவாங்க.