ஓட்டாத காருக்கும் இன்சூரன்ஸ் கட்ட வேண்டுமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். உடம்பு முடியாத அம்மாவைப் பார்த்துக்கொள்ள யாழ்ப்பாணம் போகிறேன். திரும்பி வர ஆறேழு மாதம் ஆகலாம். அதுவரை என் கார் வீட்டு டிரைவ்வேயில்தான் நிற்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். அடுத்த மாதம் முடிகிற இன்சூரன்ஸைப் புதுப்பிக்காமல் விட்டுவிடலாமா?

பதில்: விடலாம். ஆனால் காரை ரோட்டில் எடுக்கப் போவதில்லை என்று முதலில் வாகனப் பதிவுகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான டி.வி.எல்.ஏ.வுக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்த அறிவிப்பைத்தான் எல்லோரும் 'சோர்ன்' என்கிறார்கள். கார் ஓடவில்லை என்றால் இன்சூரன்ஸ் எதற்கு என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். 2011 ஜூனுக்கு முன்பு அந்த எண்ணம் ஓரளவு சரி. அதற்குப் பிறகு சட்டம் மாறிவிட்டது. கார் யார் பெயரில் பதிவாகி இருக்கிறதோ, அவர் ஒன்று இன்சூரன்ஸ் வைத்திருக்க வேண்டும், அல்லது சோர்ன் செய்திருக்க வேண்டும். போலீஸ் உங்களை ரோட்டில் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. வாகனப் பதிவையும் இன்சூரன்ஸ் பதிவையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்த்து, முதலில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும். அதைக் கவனிக்காவிட்டால் 100 பவுண்ட் அபராதம். கோர்ட்டுக்குப் போனால் 1,000 பவுண்ட் வரை ஆகலாம். நீங்கள் ஊரில் இருக்கும்போது அந்தக் கடிதங்கள் வீட்டில் பிரிக்கப்படாமல் கிடக்கும். அதனால்தான் புறப்படுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள் என்கிறேன்.

சோர்ன் செய்யக் கட்டணம் இல்லை. அரசின் இணையதளத்தில் சில நிமிட வேலைதான். லாக்புக்கில், அதாவது காரின் பதிவு ஆவணத்தில், உள்ள 11 இலக்க எண்ணைக் கொடுத்தால் அப்போதே அமலுக்கு வரும். ரோட் டாக்ஸ் நினைவூட்டல் கடிதத்தில் உள்ள 16 இலக்க எண்ணைக் கொடுத்தால் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்துதான் தொடங்கும். உங்கள் இன்சூரன்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்த்து, இடையில் ஒரு நாள்கூட விடுபடாதபடி செய்யுங்கள். முதலில் சோர்ன், அப்புறம்தான் இன்சூரன்ஸை நிறுத்துவது. கட்டியிருக்கும் ரோட் டாக்ஸில் மிச்சமுள்ள முழு மாதங்களுக்கான பணம் தானாகவே திரும்பி வரும், டைரக்ட் டெபிட்டும் நின்றுவிடும். 2013 டிசம்பருக்குப் பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தொல்லையும் இல்லை.

இனி, கார் நிற்கும் இடம். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. சொந்த டிரைவ்வே, கராஜ், தனியார் நிலம் எல்லாம் சரி. வீட்டு வாசலுக்கு நேர் எதிரே என்றாலும் ரோடு ரோடுதான், பார்க்கிங் பர்மிட் இருந்தாலும் அங்கே விட முடியாது. டிரைவ்வே சிறியதாக இருந்து பின் சக்கரம் நடைபாதையில் நின்றாலும் வம்புதான், ஏனென்றால் நடைபாதையும் ரோட்டைச் சேர்ந்ததே. வீட்டில் இரண்டாவது கார் இருந்தால் இன்னும் கவனம் தேவை. உள்ளே நிற்கும் காரை வெளியே எடுக்க வேண்டும் என்பதற்காக, உங்கள் காரை ஐந்து நிமிடம் ரோட்டில் இறக்கி நிறுத்தினால்கூட அது குற்றம். சோர்ன் செய்த காரை ரோட்டில் பயன்படுத்தினால் 2,500 பவுண்ட் வரை அபராதம். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்குத் தனியாக 300 பவுண்டும் லைசென்ஸில் 6 புள்ளிகளும் விழும். இதை வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் சாவியையே ஒளித்து வையுங்கள்.

டிரைவ்வே இல்லாமல் ஃபிளாட்டின் பொது பார்க்கிங்கில் விடுகிறவர்கள் முதலில் வாடகை ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். சோர்ன் செய்த காரை அங்கே விடக்கூடாது என்று பல வீட்டு உரிமையாளர்களும் கவுன்சில்களும் விதி வைத்திருக்கிறார்கள்.

சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக இன்சூரன்ஸையே விட்டுவிடத்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். டிரைவ்வேயில் நிற்கும் காரும் திருட்டுப் போகும். கார் பைனான்ஸில் இருந்தால், முழு இன்சூரன்ஸ் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே இருக்கும். அப்படியானால் விடுவது முடியாத காரியம். சொந்தக் கார், ஓரளவு விலை போகும் என்றால், சோர்ன் செய்துவிட்டு திருட்டுக்கும் தீக்கும் மட்டும் இன்சூரன்ஸ் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன். பழைய கார் என்றால் தேவையில்லை. இழப்பீடு கேட்காமல் ஓட்டிய ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸை நிறுவனங்கள் பொதுவாக 2 ஆண்டுகள் வரை ஏற்றுக்கொள்ளும், ஆகவே ஆறேழு மாத இடைவெளியால் அது போய்விடாது. அதற்கான கடிதத்தை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் முதலில் இன்சூரன்ஸ் எடுங்கள். இடையில் எம்.ஓ.டி., அதாவது கார் ரோட்டில் ஓடத் தகுதியானது என்ற சோதனைச் சான்று, முடிந்திருந்தால், நேரம் பதிவு செய்துகொண்டு, ரோட் டாக்ஸ் இல்லாமலே காரைச் சோதனைக்கு ஓட்டிப் போகலாம். சட்டம் தரும் சலுகை அந்த ஒரு பயணத்துக்கு மட்டும்தான், அதற்கும் இன்சூரன்ஸ் கட்டாயம். இன்சூரன்ஸுக்கும் சேர்த்து விலக்கு என்று எண்ணி மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. எம்.ஓ.டி. கிடைத்ததும் ரோட் டாக்ஸ் கட்டுங்கள், சோர்ன் தானாக ரத்தாகிவிடும்.

ஒருவேளை ஊரில் இருந்தபடியே காரைத் தம்பிக்கோ நண்பருக்கோ மாற்றிக் கொடுத்தால், உங்கள் சோர்ன் அவருக்குச் செல்லாது. அவர் தன் பெயரில் புதிதாகச் செய்ய வேண்டும், அல்லது டாக்ஸும் இன்சூரன்ஸும் எடுக்க வேண்டும்.