எலி வளையானாலும் தனி வளை: ஹாம்ஸ்டர் வீட்டுக்கு வந்த முதல் வாரம்

கேள்வி: பரீட்சை முடிந்ததும் ஹாம்ஸ்டர் வாங்கித் தருவதாக மகனிடம் சொல்லியிருந்தோம். அவன் ஆறாம் வகுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜோடி வாங்கி வந்தோம். ஒன்று பொன்னிறம், இன்னொன்று வெள்ளையில் பழுப்புத் திட்டு. இரண்டும் என் உள்ளங்கை நீளம் இருக்கும். ஜோடியாக இருந்தால்தான் பிழைக்கும், தனியாக விட்டால் ஏங்கிச் செத்துவிடும் என்றார் கடைக்காரர். கூண்டு, சக்கரம், மரத்தூள், தீனி எல்லாம் அவரே கொடுத்தார். பகல் முழுக்கத் தூங்குகின்றன. ராத்திரியானால் கீச்சுக்கீச்சென்று சண்டை. மகன் கையை விட்டால் கடிக்க வருகின்றன, ஒரு முறை ரத்தமே வந்துவிட்டது. இங்கே வெயில் வேறு 40 டிகிரியைத் தொடுகிறது. எப்படிப் பார்த்துக்கொள்வது? — வாசகி, திருச்சி

பதில்: மற்றதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதல் வேலையாக, இன்று ராத்திரிக்குள் இரண்டையும் பிரித்துவிடுங்கள். வேறு கூண்டு கையில் இல்லையென்றால், ஆழமான பெரிய பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் நிறைய ஓட்டை போட்டு, தற்காலிகமாக ஒன்றை அதில் விடலாம்.

நீங்கள் சொல்லும் அளவையும் நிறத்தையும் வைத்துப் பார்த்தால் இவை சிரியன் ஹாம்ஸ்டர்கள். வளர்ந்த சிரியன் ஹாம்ஸ்டர் இன்னொரு ஹாம்ஸ்டரைத் தன் இடத்தில் சகித்துக்கொள்ளாது. அண்ணன் தம்பியாக இருந்தாலும் சரி, ஆணும் பெண்ணுமாக இருந்தாலும் சரி. குட்டியாக இருக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கும். கடையில் நாம் பார்ப்பது அதைத்தான். ஐந்தாறு வாரம் ஆனதும் அந்தச் சிநேகம் முடிந்துவிடும். ராத்திரி நீங்கள் கேட்கும் கீச்சொலி விளையாட்டு இல்லை. பிரித்ததும் இரண்டின் காதுமடல், பின்பகுதி, வயிறு மூன்றையும் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். கடிகாயம் பெரும்பாலும் முடிக்குள் மறைந்திருக்கும். ஒன்று எப்போதும் மூலையிலேயே ஒடுங்கியிருந்தால் அடி வாங்குவது அதுதான். பெரும்பாலும் அது ஆணாக இருக்கும், ஏனென்றால் இந்த இனத்தில் பெண்தான் கனமும் முரடும். இரண்டு விலாவிலும் சின்னதாகக் கறுத்த புள்ளி ஒவ்வொன்று தெரிந்தால் பயப்படாதீர்கள். அது மணச் சுரப்பி. புண் என்று நினைத்து மஞ்சள் பற்றுப் போட்டுக் கொண்டுவருபவர்கள் உண்டு.

இவற்றின் பூர்வீகம் சிரியாவின் வடக்கே அலெப்போவைச் சுற்றிய வயற்காடு. 1930இல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி அங்கே ஒரு வளையைத் தோண்டித் தாயையும் குட்டிகளையும் எடுத்துவந்தார். இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் சிரியன் ஹாம்ஸ்டர்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு குடும்பத்தின் வாரிசுகள். காட்டில் அரை மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வளை தோண்டி, வளைக்கு ஒன்றாகத் தனியே வாழ்கின்றன. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் ஊரில் சொல்வது இவற்றுக்கு அப்படியே பொருந்தும். தனிமை, இருட்டு, தோண்ட மண். இந்த மூன்றும் கிடைத்தால் ஹாம்ஸ்டர் சுகமாக இருக்கும். நீங்கள் கேட்ட மற்றவற்றுக்கும் விடை இதிலேதான் இருக்கிறது.

ஆணும் பெண்ணுமாக இருந்தால் இன்னொரு விஷயம். கர்ப்பகாலம் சுமார் 16 நாள்தான். அதனால் பிரித்த நாளைக் காலண்டரில் குறித்து, அடுத்த மூன்று வாரம் பெண்ணின் கூண்டை அதிகம் கலைக்காதீர்கள். குட்டி போட்டுவிட்டால் முதல் இரண்டு வாரம் கூண்டுக்குள் கையே போகக் கூடாது. தீனியும் தண்ணீரும் வைப்பதோடு சரி. அந்த நேரத்தில் கலைத்தால், பயந்துபோன தாய் குட்டிகளையே தின்றுவிடும். மகன் அதைப் பார்க்க வேண்டாம். குட்டிகளை நான்கு வாரத்துக்குள் ஆண், பெண் தனித்தனியாகப் பிரிக்காவிட்டால் அடுத்த தலைமுறை தொடங்கிவிடும். எது ஆண் என்று தெரியவில்லையென்றால் வாலடியைப் பாருங்கள். ஆணுக்கு அங்கே பின்பக்கம் புடைத்துக்கொண்டிருக்கும். இரண்டு துவாரங்களுக்கும் இடையே இடைவெளியும் அதிகம்.

சரி, இரண்டாவதை என்ன செய்வது? இரண்டு கூண்டு வைக்க இடமும் மனதும் இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், அல்லது நம்பகமான வீட்டுக்குக் கொடுங்கள். தோட்டத்திலோ ஏரிக்கரையிலோ கொண்டுபோய் விட வேண்டாம். காக்கையும் பூனையும் ஒரு நாள் விட்டுவைக்காது. 2018ஆம் ஆண்டின் செல்லப் பிராணிக் கடை விதிகள் ஹாம்ஸ்டருக்கும் பொருந்தும். கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அடுத்த முறை போனால் அந்தச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள், கடைக்காரரின் பேச்சே மாறும்.

இப்போது கூண்டு. கடைகளில் விற்கும் ஒன்றரை அடிக் கம்பிக் கூண்டில், பெயிண்ட் அடித்த மாடி, வழுக்கும் குழாய் எல்லாம் இருக்கும், தோண்ட மட்டும் இடம் இருக்காது. ஜெர்மனியில் விலங்கு நலக் கால்நடை மருத்துவர்கள் குறைந்தபட்சம் என்று சொல்வது 100 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 50 உயரம். இந்த அளவில் ஒரு பிளைவுட் பெட்டி செய்து, முன்பக்கம் கண்ணாடியும் மேலே கம்பி வலையும் போட்டுத் தரச் சொன்னால், உள்ளூர்த் தச்சர் செய்துவிடுவார். வீட்டில் சும்மா கிடக்கும் நான்கடி மீன் தொட்டியும் உதவும். ஆனால் உங்கள் ஊர்க் கோடையில் கண்ணாடித் தொட்டிக்குள் சூடு தேங்கும் என்பதால், நான் பெட்டியைத்தான் சொல்வேன்.

உள்ளே விரிப்பு ஒரு சாண் ஆழமாவது இருக்கட்டும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் 10, 40, 80 சென்டிமீட்டர் ஆழ விரிப்புகளில் ஹாம்ஸ்டர்களை வளர்த்துப் பார்த்தார்கள். 10 சென்டிமீட்டர் மட்டும் கிடைத்தவைதான் கம்பியை அதிகம் கடித்தன. கூண்டுக் கம்பியை ராத்திரி முழுக்கக் கடிக்கும் ஹாம்ஸ்டரைப் பலரும் சேட்டைக்காரன் என்று ரசிக்கிறார்கள். உண்மையில் அது தவிப்பு. கடைக்காரர் கொடுத்த மரத்தூள் மாவாகப் பறந்தால் அதை எடுத்துவிடுங்கள், மூச்சுக்குழாய்க்கு ஆகாது. வாசனை தூக்கலாக அடிக்கும் தேவதாரு, பைன் சீவலும் வேண்டாம். வாசனையில்லாத வெள்ளை டிஷ்யூ பேப்பரைக் கிழித்துப் போட்டு, அச்சில்லாத பழுப்புக் காகிதத்தையும் வைக்கோலையும் கலந்தால், சுரங்கம் இடிந்து விழாமல் நிற்கும். பஞ்சு மட்டும் வேண்டவே வேண்டாம். காலில் நூல் சுற்றிக்கொள்ளும், விழுங்கினால் குடலை அடைக்கும்.

சக்கரத்தில் அது ஓடும்போது பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். முதுகு வில்லாக வளைந்தால் சக்கரம் சிறிது. சிரியன் ஹாம்ஸ்டருக்கு 28 சென்டிமீட்டர் விட்டமாவது வேண்டும், ஓடுதளம் இடைவெளி இல்லாமல் தட்டையாக இருக்க வேண்டும். கம்பிப் படி வைத்த சக்கரத்தில் கால் மாட்டி முறிவது அடிக்கடி நடப்பதுதான்.

வெயில்தான் உங்கள் ஊரில் பெரிய எமன். ஹாம்ஸ்டருக்குச் சுகமான வெப்பநிலை 20 முதல் 24 டிகிரி. 30ஐத் தாண்டினாலே திணற ஆரம்பிக்கும். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை, ஜன்னலோரம், பால்கனி எதுவும் ஆகாது. கீழ்த்தளத்தில் சமையலறையிலிருந்து தள்ளி, வீட்டிலேயே குளுமையான அறையில் வையுங்கள். ஏசி இருந்தால் 25இல் வைக்கலாம், காற்று நேராகக் கூண்டில் படக் கூடாது. இல்லாத வீட்டில் கைகொடுப்பது மண்சட்டிதான். புதிதாக வாங்கிய, மெருகு பூசாத சட்டியின் விளிம்பில் ஹாம்ஸ்டர் நுழையும் அளவுக்கு உடைத்து, முனையைத் தேய்த்து மழுக்கி, விரிப்பில் பாதி புதையும்படி கவிழ்த்து வையுங்கள். சட்டியின் வெளிப்புறத்தை நண்பகலில் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் உள்ளே சில்லென்று இருக்கும். பக்கத்திலேயே ஒரு தரை ஓட்டுத் துண்டு போட்டால், அதன்மேல் வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொள்ளும். கரண்ட் போகும் நேரத்துக்கு, ஃப்ரீசரில் உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே ஒட்டினாற்போல வைக்கலாம்.

தட்டையாகக் கிடந்து வேகமாக மூச்சு வாங்கினால், தாடை நனைந்திருந்தால், நடக்கும்போது தள்ளாடினால் வெப்பத்தாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். குளுமையான இடத்துக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரால் காதையும் பாதத்தையும் நனைத்து, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது. ஊட்டி, கொடைக்கானல் வாசகர்களுக்கு இதன் மறுபக்கம்: கடும் குளிரில் ஹாம்ஸ்டர் விறைத்து, செத்ததுபோல் கிடக்கும். புதைப்பதற்கு முன் மெல்லக் கதகதப்பூட்டிப் பாருங்கள்.

தீனியை இப்போதைக்கு மாற்றாதீர்கள். கடையில் தின்றதையே ஒரு வாரம் கொடுத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பு, தினை, உமி நீக்காத கோதுமை, ஓட்ஸ் கலந்து மாற்றுங்கள். ஒன்றுக்கு நாளொன்றுக்கு இரண்டு டீஸ்பூன் போதும். வாரத்தில் இரண்டு நாள் அவித்த முட்டை வெள்ளைக்கரு கொண்டைக்கடலை அளவு. காய்கறி முதல் வாரம் வேண்டாம். அப்புறம் வெள்ளரி, கேரட், கொத்தமல்லித் தழை நகத்தளவில் தொடங்கலாம். வெங்காயம், பூண்டு, ஆரஞ்சு, எலுமிச்சை, சாக்லேட், பச்சை உருளைக்கிழங்கு கூடாது. சூரியகாந்தி விதையை அள்ளிப் போடாதீர்கள், கொழுப்பு. அதைப் பழக்குவதற்கான லஞ்சமாக வைத்துக்கொள்ளலாம். தட்டு காலியாகிவிட்டதே என்று மறுபடி நிரப்பவும் வேண்டாம். தோள் வரை நீளும் கன்னப் பைகளில் அடைத்து எங்கேயோ பதுக்கியிருக்கும்.

தீனி இருக்கும் இடத்துக்கு எறும்பு வராமல் இருக்காது. எறும்புச் சாக்பீஸ் கோடு கிழிப்பது ஆபத்து, அது விஷம். மேசையின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கும் பாட்டி காலத்து வழியே போதும். கொசுவத்தியும் சாம்பிராணிப் புகையும் அந்த அறையில் வேண்டாம்.

குளிப்பாட்டலாமா என்று மகன் அடுத்து கேட்பான். தண்ணீரில் கூடாது. சலித்துக் கழுவி, வாணலியில் வறுத்து ஆறவைத்த ஆற்று மணலை ஒரு கிண்ணத்தில் வைத்தால் அதுவே புரண்டு சுத்தம் செய்துகொள்ளும். எம்-சாண்ட் கூர்மையானது, தூசும் அதிகம், அது உதவாது. கூண்டையும் வாரம் ஒரு முறை பளபளவென்று கழுவி மொத்தத்தையும் மாற்றாதீர்கள். மூத்திரம் போகும் மூலையை மட்டும் எடுத்துவிட்டு, பழைய விரிப்பில் பாதியையாவது மிச்சம் வையுங்கள். தன் வாடை போய்விட்டால் மறுபடி புது வீட்டுக்கு வந்த பயம் அதற்கு.

கடிப்பதற்கு வருவோம். பகலில் அதற்கு நடுநிசி. தூங்கும்போது மேலிருந்து இறங்கும் கை அதன் கண்ணுக்குப் பருந்து. அதனால் முதல் மூன்று நான்கு நாள் யாரும் தொட வேண்டாம். மகன் பெட்டியருகே உட்கார்ந்து வீட்டுப்பாடத்தைச் சத்தமாகப் படிக்கட்டும்; அவன் குரல் பழகும். அடுத்து, இருட்டிய பிறகு அது தானாக வெளியே வரும் நேரத்தில், சோப்புப் போட்டுக் கழுவிய கையில் ஒரு விதையை வைத்து, கையை விரிப்பின் மேலேயே அசையாமல் வைத்திருக்கட்டும். சிப்ஸ் தின்ற கையென்றால் விரலும் தீனிதான். விதையை எடுத்துக்கொண்டு ஓடும் காலம், கைமேல் ஏறி நின்று எடுக்கும் காலம், அங்கேயே உட்கார்ந்து தின்னும் காலம் என்று ஒவ்வொன்றாக வரும். சிலதுக்குப் பத்து நாள், சிலதுக்கு இரண்டு மாதம். அவசரமாக இடம் மாற்ற வேண்டுமானால் ஒரு டம்ளரைப் படுக்கவைத்துப் பாருங்கள், அதுவே உள்ளே நுழையும். கையில் எடுக்கும்போது தரையில் உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். ஆழம் அதன் கண்ணுக்குத் தெரியாது. கையிலிருந்து நேராகக் குதித்துவிடும். கடித்தாலும் கையை உதறக் கூடாது.

கடிபட்ட விரலை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, கிருமிநாசினி தடவி, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள். வீட்டுக்குள் வளரும் ஹாம்ஸ்டர் கடியால் வெறிநோய் வரும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. சந்தேகமிருந்தால் உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். உடம்பெல்லாம் தடித்தாலோ மூச்சு இறுக்கினாலோ மட்டும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கூண்டைச் சுத்தம் செய்வதை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். கருவைப் பாதிக்கும் ஒரு வைரஸ் ஹாம்ஸ்டரிடம் இருக்கக்கூடும்.

இந்த முதல் இரண்டு வாரத்தில் தினமும் கவனிக்க வேண்டியது வாலடியை. அங்கே ஈரமும் நாற்றமும் இருந்து, முதுகைக் கூனிக்கொண்டு, தீனி எடுக்காமல் கிடந்தால் அது ‘வெட் டெயில்’ எனும் குடல் நோய். இடம் மாறிய அதிர்ச்சியில் இளம் ஹாம்ஸ்டர்களுக்கு வருவது. ஓரிரு நாளில் கொன்றுவிடும். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். மனிதருக்கான, பேதியை நிறுத்தும் மாத்திரையையோ ஆன்டிபயாடிக்கையோ நீங்களாகக் கொடுக்க வேண்டாம். பென்சிலின் வகை மருந்துகள் ஹாம்ஸ்டருக்கு உயிராபத்து. நாய் பூனை பார்க்கும் எல்லா மருத்துவர்களும் ஹாம்ஸ்டர் பார்ப்பதில்லை. அதனால் இந்த வாரமே ஊரில் யார் பார்க்கிறார்கள் என்று போனில் விசாரித்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரும் கிடைக்காவிட்டால் உங்களுக்கு அருகில் ஒரத்தநாடு, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, போன் செய்துவிட்டுப் போகலாம். கொண்டுபோகும்போது அதன் பழைய விரிப்பு ஒரு கை அள்ளிப் போட்ட சிறு டப்பாவில், வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். கொஞ்சம் எச்சத்தையும் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப் போனால் பரிசோதனைக்கு உதவும்.