பழசா, புதுசா? — ரிட்டயர்டு கண்டக்டர் பதில்கள்

கேள்வி: சேலம் ஜங்ஷனில் இறங்கி, "பஸ் ஸ்டாண்டு போகுமா?" என்று கேட்டுத்தான் டவுன் பஸ்ஸில் ஏறினேன். இறங்கிப் பார்த்தால் புது பஸ் ஸ்டாண்டு. மகள் வீடு அம்மாபேட்டையில். அடுத்த தடவை எப்படிப் போவது?
— ஒரு வாசகி, கோவை

பதில்: கண்டக்டர் பொய் சொல்லவில்லை அம்மா. எங்கள் ஊரில் வெறும் 'பஸ் ஸ்டாண்டு' என்று கேட்டால் போதாது, பழசா புதுசா என்று சேர்த்துக் கேட்கணும். வெளியூர் வண்டிகளுக்குப் புதுசு, அது மெய்யனூரில். டவுன் பஸ்ஸுக்குப் பழசு. அதை ஈரடுக்காகக் கட்டி 2023-ல் திறந்தார்கள். ஆனாலும் எங்கள் வாயில் அது பழைய பஸ் ஸ்டாண்டுதான்.

ஜங்ஷன் இருப்பது மேற்கே சூரமங்கலத்தில், அம்மாபேட்டையோ கிழக்கே. ஊரைக் குறுக்கே கடந்தே ஆகணும். ஐந்து ரோடு, நாலு ரோடு, கலெக்டர் ஆபீஸ் வழியாகப் பழைய பஸ் ஸ்டாண்டு போகிற வண்டியில் ஏறுங்கள். ஐந்து ரோட்டில் கார்களெல்லாம் மேம்பாலத்தில் பறக்கும், உங்கள் பஸ் கீழே திணறும். ஆள் ஏற்றுகிற வண்டிக்கு வேறு வழி ஏது?

பழைய பஸ் ஸ்டாண்டில் மாறி, அயோத்தியாப்பட்டணம் பக்கம் போகிற டவுன் பஸ்ஸைப் பிடியுங்கள். அம்மாபேட்டைக்கு முன்னால் பட்டைக்கோவில் வந்ததும் எழுந்து படிக்கட்டுப் பக்கம் வந்துவிடுங்கள். அந்த ரூட்டில் நான் பை மாட்டிய காலத்தில் தறிக்காரர்கள் நூல் மூட்டையோடு ஏறுவார்கள். மூட்டையைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, லக்கேஜ் போட்டுவிடுவேனோ என்று என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வருவார்கள். எத்தனையோ முறை நானும் ஜன்னலைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், 'மகளிர் கட்டணமில்லா பேருந்து' என்று எழுதிய சாதாரண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் காசு இல்லை. காசு இல்லையே என்று சும்மா உட்காராதீர்கள், டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எழும்பூரிலிருந்து சேலம் ரயிலில் வருகிறேன். சுகவனேசுவரர் கோயிலுக்குப் போக ஜங்ஷனில் இறங்கி எந்த பஸ் ஏறணும்?
— ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: விருத்தாசலம் வழியாக வருகிற ரயில்தானே? ஜங்ஷன் வரை போகாதீர்கள் சார், அதற்கு முன்பே சேலம் டவுன் ஸ்டேஷன் வரும், இறங்கிவிடுங்கள். கோயில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையில் பெட்டி இல்லையென்றால் நடந்தே போகலாம். ஸ்டேஷன் வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர் மட்டும் வேறு மாதிரி சொல்வார்.