பிரசவத்தோடு பிரஷர் போய்விட்டதா?

கேள்வி: எனக்கு 34 வயது. ஆறு வருடத்துக்கு முன், கர்ப்பத்தின் 33-வது வாரத்தில் பிரஷர் 170/110-க்கு ஏறி, சிறுநீரில் புரதமும் போனது. உடனே சிசேரியன் செய்தார்கள். இரண்டு மாதத்தில் பிரஷர் இறங்கி, மாத்திரையும் நின்றது. இப்படி வந்தவர்களுக்குப் பின்னாளில் பக்கவாதம் வரும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, கரூர்

பதில்: வந்தே தீரும் என்பதில்லை. வாய்ப்பு கூடும் என்பது உண்மை. உங்களுக்கு வந்தது ப்ரீ-எக்லாம்ப்சியா. இது வந்தவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. நிரந்தர பிரஷர் நோய்க்கான வாய்ப்போ மூன்று மடங்குக்கும் மேல். 34 வாரத்துக்கு முன்பே பிரசவமானவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், நீங்கள் அந்த வரிசையில்தான் வருகிறீர்கள். உங்கள் வயதில் பக்கவாதம் அரிது என்பதால் இன்றே கலங்க வேண்டாம். நாற்பதைத் தாண்டியபின் சத்தமில்லாமல் ஏறும் பிரஷரைக் கோட்டைவிடுவதுதான் ஆபத்து.

நஞ்சுக்கொடி கருப்பையில் சரியாகப் பதியாதபோது, அதிலிருந்து தாயின் ரத்தத்தில் கலக்கும் புரதங்கள் ரத்தக்குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. பிரஷர் இறங்கிய பிறகும் பலருக்கு அந்தப் பாதிப்பு முழுதாக ஆறுவதில்லை.

வருடம் ஒருமுறையாவது பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீர்ப் புரதம் பாருங்கள். பிரஷர் பார்க்குமுன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வையுங்கள். கையில் சுற்றும் பட்டை சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். வேறு வேறு நாட்களிலும் 140/90-க்குக் குறையாவிட்டால் சிகிச்சை தேவை. 130/80-ஐத் தாண்டினாலே உப்பையும் எடையையும் குறைக்கத் தொடங்குங்கள்.

கருத்தடை மாத்திரை கேட்கும்போது பழைய பிரஷரைச் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் உள்ளவை உங்களுக்கு ஏற்றவையா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அடுத்த கர்ப்பம் என்றால் 12-வது வாரத்திலேயே டாக்டரைப் பாருங்கள், குறைந்த அளவு ஆஸ்பிரினை 16 வாரத்துக்குள் தொடங்குவதே கூடுதல் பலன் தரும். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரப்படுத்துங்கள். 45 வயதில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பிரசவத்தைப் பற்றி டாக்டர் பெரும்பாலும் கேட்பதில்லை. நீங்களே சொல்ல வேண்டும்.

கேள்வி: பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்கிறார் என் மாமியார். சரியா?
– வாசகி, தேனி

பதில்: தயவுசெய்து வேண்டாம். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம்வரை ரத்தம் எளிதில் உறையும். உடலில் நீரும் வற்றினால் மூளையின் சிரைகளில் ரத்தக்கட்டி உருவாகலாம். அதுவும் ஒருவகைப் பக்கவாதம்தான். தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்கட்டும், பால் கொடுக்கும்போது பக்கத்தில் ஒரு சொம்பு இருக்கட்டும். பிரஷர் உச்சத்துக்குப் போவதும் பிரசவமாகி மூன்று முதல் ஆறு நாளில்தான். பலர் அதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, ஒரு பக்கம் கைகால் தளர்வு – இதில் ஒன்று வந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதலில், “பிரசவமாகி இத்தனை நாள்” என்று சொல்லுங்கள்.