ரோமானியப் பளிங்குப் பலிபீடங்களில் ‘வி எஸ் எல் எம்’ என்று ஏன் பொறித்தார்கள்?

நேர்த்திக்கடன் தீர்ந்ததற்கான அத்தாட்சி அது. ‘வோட்டும் சோல்வித் லிபென்ஸ் மெரித்தோ’ என்ற லத்தீன் தொடரின் முதலெழுத்துகள்: வேண்டுதலை மனமுவந்து, முறைப்படி செலுத்தினார்.

ரோமானியர் வேண்டுதலைக் கடனாகவே பார்த்தார்கள். முதலில் வாக்கு, காரியம் கைகூடிய பிறகே கல். வேண்டியது பலித்ததும் கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டுவோமே, அதைப் போல.

பெரும்பாலும் தெய்வத்தின் பெயர் முதலில், கொடுத்தவர் பெயர் அடுத்து, கடைசியில் இந்த நான்கெழுத்து. உச்சியில் சாம்பிராணியும் மதுவும் படைக்க ஆழமில்லாத குழி. பக்கங்களில் கூஜா, தட்டு ஆகியவற்றின் செதுக்குருவங்கள். வெட்டிய எழுத்துக்குள் சிவப்புச் சாயம் பூசுவார்கள். சாயம் உதிர்ந்து, கல்லும் தேய்ந்திருந்தால் நேர்வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் நிழல் விழுந்து எழுத்து எழும்பும்.

இதைக் கல்லறைக் கல் என்று பலர் நினைக்கிறார்கள்; பேரரசுக் காலக் கல்லறைகளில் பொதுவாகத் தொடக்கத்திலேயே ‘டி எம்’ இருக்கும், இறந்தோரின் ஆவிகளுக்கு என்று.