பேட்டர்சன் கார் ஏன் நின்றுபோனது?

அன்புள்ள சார்,

அமெரிக்காவின் ஆரம்பகால கார் நிறுவனங்களைப் பற்றிய கட்டுரையில் சி.ஆர். பேட்டர்சன் அண்ட் சன்ஸையும் சேர்த்திருந்தீர்கள். மூன்று வருடம் கார் செய்துவிட்டு மூடிய கம்பெனி அது. கறுப்பினத்தவர் நடத்தியது என்பதைத் தவிர அதில் நினைவுவைக்க என்ன இருக்கிறது? அந்தக் கார் எங்காவது பார்க்கக் கிடைக்குமா?

கதிர்

அன்புள்ள கதிர்,

அந்தக் கார் ஒன்றுகூட மிஞ்சியதாகத் தெரியவில்லை. அவர்கள் செய்த குதிரை வண்டிகள் சில இருக்கின்றன.

ஆனால் 'தவிர' என்று நீங்கள் ஒதுக்குவதை என்னால் ஒதுக்க முடியவில்லை. சார்லஸ் ரிச்சர்ட் பேட்டர்சன் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். இரும்புப் பட்டறை வேலை கற்று, ஒஹாயோவின் கிரீன்ஃபீல்ட் என்ற சிற்றூரில் 1873இல் ஒரு வெள்ளையரோடு கூட்டுச் சேர்ந்து வண்டி செய்யத் தொடங்கி, 1893இல் கூட்டாளியின் பங்கையும் வாங்கி முழு உரிமையாளரானார். 1910இல் அவர் இறந்ததும் மகன் ஃபிரெடெரிக் பொறுப்பேற்றார். இனி குதிரை வண்டிக்குக் காலமில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முதலில் கார் ரிப்பேர், அப்புறம் 1915 செப்டம்பரில் சொந்தக் கார், பேட்டர்சன்-கிரீன்ஃபீல்ட். எஞ்சின் மட்டும் கான்டினென்டல் கம்பெனியிடம் வாங்கியது, நான்கு சிலிண்டர், 30 குதிரைத்திறன். விலை 850 டாலர்.

சிக்கல் விலையில்தான். ஹென்றி ஃபோர்ட் 1913இலேயே நகரும் அசெம்பிளி லைனை, அதாவது வண்டி நகர நகர ஆளாளுக்கு ஒரு பாகமாகப் பூட்டும் முறையை, கொண்டுவந்துவிட்டார், அவருடைய மாடல் டி 500 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. கையால் ஒவ்வொன்றாகச் செய்யும் ஒரு பட்டறை, அதுவும் பெரிய முதலீடு திரட்ட வழியில்லாத ஒரு கறுப்பினக் குடும்பத்தின் பட்டறை, அதோடு எப்படிப் போட்டி போடும்? மொத்தம் 30 முதல் 150 கார் வரை செய்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள். அந்தக் காலத்தில் வெள்ளையர் நடத்திய எத்தனையோ சிறு கம்பெனிகளும் இதே விலைப்போட்டியில்தான் காணாமல் போயின.

ஆனால் மூடவில்லை, கதிர். கார் செய்வதைத்தான் நிறுத்தினார்கள். ஃபோர்ட், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிகளின் சேஸிகளை (வண்டியின் அடிச்சட்டம்) வாங்கி அவற்றின்மேல் பஸ் பாடி கட்டினார்கள். தந்தை காலத்து மரவேலையும் இரும்புவேலையும் அதற்குச் சரியாகப் பொருந்தின. ஒஹாயோவில் பள்ளிப் பிள்ளைகள் போன பஸ்களில் பல இவர்கள் கட்டியவை. தன்னை விலையில் தோற்கடித்தவருடைய சேஸியையே வாங்கி இன்னும் இருபது வருடம் தொழில் நடத்தியது சாதாரணக் காரியம் இல்லை, நான் அவர்களை மதிப்பதே இதற்காகத்தான்.

1930களின் பெரும் பொருளாதார மந்தக் காலத்தில் தொழில் தேய்ந்து 1939இல்தான் கதவை மூடினார்கள். 2021இல் தந்தையையும் மகனையும் வாகனத் துறைச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் அமெரிக்காவின் ஆட்டோமோட்டிவ் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்திருக்கிறார்கள். ரொம்பத் தாமதம், ஆனாலும் எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.