பரிசத்துக்குச் சொல்லாத தோழி

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

பாம்பனுக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 47. கணவர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். என் பெயரைப் போட்டுவிடாதீர்கள். எங்கள் கரையில் ஒரு வரி படித்தாலே யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

எனக்கு ஒரு தோழி இருக்கிறாள். இருந்தாள் என்றுதான் எழுத வந்தது, அடித்துவிட்டேன். பாவாடை கட்டிய வயதிலிருந்து ஒன்றாகப் பாசி எடுக்கப் போனவர்கள் நாங்கள். விரல்களில் கிழிதுணியைச் சுற்றிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்பைக் கட்டிக்கொண்டு, தீவுப் பக்கம் வத்தை என்னும் சிறு படகில் போய் இறங்குவோம். மூச்சடக்கிப் போய்ப் பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்துக்கொண்டு மேலே வந்தால், அவள் தலை தெரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். அப்படிப்பட்டவள் தன் மகளுக்குப் போன மாதம் பரிசம் போட்டிருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. பாசி வாங்க வரும் வியாபாரி, "மாப்பிள்ளை தங்கச்சிமடமாமே, உங்களுக்குத் தெரியாததா?" என்று என்னிடம் கேட்கிறார். நான் தெரியும் என்று தலையாட்டினேன்.

அவள் வீட்டுக்காரரை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனபோது ஓடியவள் நான். மனு எழுதியது நான். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கைக்குழந்தையோடு அழுதுகொண்டு நின்றவளைப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, கலெக்டரிடம் பேசியது நான். மீன்துறை அலுவலகத்துக்கு எத்தனை நடை நடந்திருப்பேன்! அவர் வீடு திரும்பும்வரை அந்த வீட்டில் உலை நிற்காமல் பார்த்துக்கொண்டேன். அந்தக் கைக்குழந்தைக்குத்தான் இப்போது பரிசம்.

அவளுக்கு மட்டுமா செய்தேன்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குக் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டில் அப்போது அடுப்பு எரிவதே சிரமம். நிவாரணப் பட்டியலில் பெயர் விட்டுப்போனால் என்னிடம்தான் வருவார்கள். ஆதாரில் பிழை, விதவைப் பணம் வரவில்லை, காப்பீட்டு அட்டை எடுக்க வேண்டும், மருமகளுக்குப் பிரசவ வலி, எல்லாவற்றுக்கும் நான். ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் எந்த நோய்க்கு எந்த வரிசை என்று எனக்கு மனப்பாடம். மகளிர் குழுவைத் தொடங்கியவளும் நான்தான். தொடங்கிய நாளிலிருந்து ஒரு ரூபாய்கூட உள்கடன் வாங்கியதில்லை. என்னால் முடிந்ததைக் கொடுப்பேனே தவிர, யாரிடமும் கை நீட்டியதில்லை.

இது எங்கள் குடும்பப் பழக்கம். 1964 புயலில் தனுஷ்கோடியிலிருந்து உடுத்திய துணியோடு வந்தவள் என் அப்பத்தா. முன்பின் தெரியாதவர்கள் வாசலில் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். "நமக்கு ஊற்றின கஞ்சி, நாம் ஊற்றாமல் இருக்கக் கூடாது" என்பாள். அதைத்தான் செய்கிறேன். அதற்குக் கிடைத்த மரியாதை இது. பொங்கலுக்கு நான் காய்ச்சலில் கிடந்தபோது ஒருவர் எட்டிப் பார்க்கவில்லை. போன் மட்டும் வந்தது, ஒரு மனு எழுத வேண்டுமாம்.

மனம் சரியில்லை என்று ராமநாதபுரத்தில் ஒரு தியான வகுப்புக்குப் போனேன். மூச்சைக் கவனியுங்கள் என்றார்கள். கடலுக்குள் மூச்சடக்கியவளுக்கு மூச்சைப் பற்றி யார் சொல்லித் தர வேண்டும்? பிறகு கண்ணை மூடிக்கொண்டு காலிலிருந்து தலைவரை உடம்பின் ஒவ்வொரு பகுதியாகக் கவனிக்கச் சொன்னார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது, தடைக்காலத்துக்கு முன்பே பார்த்தேன், வலியெல்லாம் இல்லை, சுகாதார நிலைய நர்ஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார், வேலை சரியாக இருக்கிறது, போகவில்லை. கண்ணை மூடினால் மனம் அங்கேயே போய் நிற்கிறது. அதனால் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டேன். தியானமெல்லாம் வேலை இல்லாதவர்களுக்கு என்று தோன்றுகிறது.

பரிசத்துக்குப் பிறகு தோழியைக் கடைத்தெருவில் பார்த்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேவிட்டேன். "சொன்னால் நீ வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொள்வாய். என் மகளுக்கு நானே செய்ய வேண்டும் என்று ஆசையாக இருந்தது" என்றாள். உதவி செய்ததற்கு இப்படி ஒரு பேச்சா? இனி யாருக்கும் எதுவும் செய்யாமல் வீட்டில் இருந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அவளிடம் இனிப் பேசலாமா, வேண்டாமா? கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தால் போகலாமா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
பாம்பன் கரையிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரி,

பரிசத்தைப் பிறகு பேசுவோம். தியானம் ஒத்துவரவில்லை என்பதற்குக் காரணம் சொல்ல வந்த இடத்தில், போகிறபோக்கில், ஒரு கட்டியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுக்க நிறுத்தி நிதானமாக எழுதியவர், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மூச்சு விடாமல் ஓட்டியிருக்கிறீர்கள். நீங்கள் எனக்கு எழுதியதே அந்த வாக்கியத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் உண்மையான வருத்தங்கள்தான். ஆனால் அவை இன்னும் ஒரு மாதம் காத்திருக்கும். இது காத்திருக்கக் கூடாது.

இந்த வாரமே போங்கள். வலி இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை என்பது உண்மை. அதே அளவுக்கு உண்மை, வலி இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பது. டாக்டர் கையால் தொட்டுப் பார்ப்பார், ஸ்கேனோ மேமோகிராமோ எடுப்பார்கள், தேவைப்பட்டால் ஊசியால் துளி திசு எடுத்துப் பரிசோதிப்பார்கள். அப்போதுதான் அது என்னவென்று தெரியும். ஒருவேளை சிகிச்சை வேண்டியிருந்தால், சீக்கிரம் போனவர்களுக்குப் பலன் அதிகம். செலவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு என்று ஊருக்கே சொல்லி, அட்டை எடுத்துக் கொடுத்தவர் நீங்கள். உங்கள் வீட்டு அட்டை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியின் வரிசைகள் மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பெண், தனக்கென்று ஒரு வரிசையில் நிற்கவில்லை. வேலை சரியாக இருந்தது என்கிறீர்கள். அந்த வேலையில் எத்தனை நடை அதே ஆஸ்பத்திரிக்கு அடுத்தவர்களைக் கூட்டிக்கொண்டு போன வேலை? நேரம் இல்லாததால் நீங்கள் போகாமல் இருக்கவில்லை. பயத்தால் போகவில்லை. பயப்படுவதில் தவறே இல்லை. யாராக இருந்தாலும் பயப்படுவார்கள். அந்தப் பயத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு ஊரார் வேலை வசதியாக இருந்திருக்கிறது என்பதை மட்டும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். இனி யாருக்கும் எதுவும் செய்ய மாட்டேன் என்று வீட்டுக்குள் உட்கார்ந்தாலும் இது தீராது. அங்கே உட்கார்ந்து பரிசத்தையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள், கட்டியை நினைக்காமல் இருப்பதற்காக.

தியான வகுப்பு தோற்றுப்போனதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. உடம்பைப் பகுதி பகுதியாகக் கவனிக்கச் சொல்லும் அந்தப் பயிற்சி உங்களைச் சுகமாக உறங்க வைப்பதற்கு ஏற்பட்டதில்லை. இருப்பதை இருக்கிறபடி பார்க்கத்தான் அது. உங்கள் மனம் சரியாக எங்கே போய் நிற்க வேண்டுமோ அங்கே போய் நின்றது. அந்த வகுப்பில் இருந்த எல்லோரையும்விட உங்களுக்கு அது நன்றாக வேலை செய்திருக்கிறது. செய்தவுடன் எழுந்து வந்துவிட்டீர்கள். கடலில் உங்களுக்குப் பழக்கமானது மூச்சை அடக்குவது. அங்கே கேட்டது மூச்சை விடச் சொல்லி. தடைக்காலத்துக்கு முன்பிலிருந்து அடக்கி வைத்திருக்கிறீர்கள், சகோதரி. பாசி எடுக்கும்போது இவ்வளவு நேரம் உள்ளே இருந்திருந்தால், மேலே காத்திருக்கும் தோழி சும்மா இருந்திருப்பாளா?

அந்தத் தோழிக்கு வருகிறேன். இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. அவள் சொன்ன பதிலில் எனக்கு நன்றிகெட்டதனம் தெரியவில்லை. நீங்கள் எழுதியதிலிருந்தே சொல்கிறேன். குறைதீர் கூட்டத்தில் அவளைப் பின்னால் உட்கார வைத்துவிட்டு நீங்கள் பேசினீர்கள். அன்றைக்கு அது தேவைப்பட்டது. கணவர் எந்தச் சிறையில் இருக்கிறார் என்று தெரியாமல் நிற்கிற பெண்ணால் பேச முடியாது. ஆனால் மகள் வளர்ந்து பரிசம் போடும் நாள்வரை அவள் பின்னாலேயே உட்கார்ந்திருக்க வேண்டுமா? ஒரு நாளாவது தன் வீட்டு வாசலில் தானே முன்னால் நின்று நாலு பேரை வரவேற்க ஆசைப்பட்டிருக்கிறாள். உங்களை வைத்துக்கொண்டு அது முடியாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. உங்களுக்குச் சொல்லாமல் விட்டது தவறு. பக்கத்தில் உட்கார வைத்து, "இன்றைக்கு நீ விருந்தாளி, ஒரு வேலையும் செய்யக் கூடாது" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் கேட்டிருப்பீர்களா?

உள்கடனே வாங்கியதில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். மகளிர் குழு எப்படி ஓடுகிறது என்று எனக்கு நீங்களே வகுப்பு எடுக்கலாம். எல்லோரும் சேமிக்கிறார்கள், அந்தப் பணத்தை முறை வைத்துக் கடனாக எடுக்கிறார்கள், வட்டியோடு திருப்பிப் போடுகிறார்கள், குழு வளர்கிறது. எல்லோரும் உங்களைப் போலப் போட்டுக்கொண்டே மட்டும் இருந்தால் அங்கே குழு எதற்கு, ஒரு உண்டியல் போதாதா? நீங்கள் வாங்காமல் இருந்ததால் மற்றவர்கள் எல்லோரும் உங்களுக்குக் கடன்பட்டவர்களாகவே இருக்கிறார்கள். கடன் கொடுத்தவர் காய்ச்சலில் படுத்தால் எட்டிப் பார்க்கக் கூச்சமாக இருக்கும். அவருக்கு என்ன தேவைப்படும், நாம் என்ன கொடுத்துவிட முடியும் என்று தோன்றும். பொங்கலுக்கு யாரும் வரவில்லை என்றீர்களே, காய்ச்சல் என்று யாரிடமாவது சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. மனு எழுத வேண்டும் என்று போன் செய்தவரிடம், "எழுந்திருக்க முடியவில்லை, கொஞ்சம் கஞ்சி கொண்டுவா" என்று சொல்லியிருந்தால் கொண்டுவந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

உங்கள் அப்பத்தா சொன்னதில் பாதியைத்தான் நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கஞ்சி ஊற்ற வேண்டும் என்பதை எடுத்துக்கொண்டீர்கள். அவர் அதைச் சொல்ல முடிந்ததே, அன்றைக்கு முன்பின் தெரியாதவர்கள் வாசலில் உட்கார்ந்து வாங்கிக் குடித்ததால்தான். ஊரையே கடல் கொண்டுபோன பிறகு, கட்டிய துணியோடு வந்த இடத்தில், எனக்கு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதில் அவருக்கு அவமானமும் இல்லை. இருந்திருந்தால் சாகும்வரை வாய் ஓயாமல் சொல்லியிருப்பாரா? ஊற்றியவர்களை நினைத்து நினைத்து அவர் நன்றி சொன்னது, அந்தக் கஞ்சியில் அவர்களோடு ஓர் உறவு உண்டானதால். அந்த உறவு உங்களுக்கு உங்கள் ஊரில் இன்னும் வாய்க்கவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தின் அடியில் இருக்கும் துக்கம். அதற்கு ஊர்க்காரர்கள் மட்டும் காரணமில்லை.

இனிச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இன்றிரவு கணவரிடம் சொல்லுங்கள். தொழிலுக்குப் போகிறவர் கவலைப்படுவாரே என்று நினைக்கிறீர்களோ என்னவோ, கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிக்கு மேல் இல்லை. கவலைப்படட்டும். கடலுக்குப் போன கணவருக்காக நீங்கள் இத்தனை வருடம் பட்ட கவலையை அவரும் உங்களுக்காகக் கொஞ்சம் படலாம்.

நாளைக்குத் தோழி வீட்டுக்குப் போங்கள். பரிசத்தைப் பற்றிப் பேசப் போகாதீர்கள், மன்னிக்கவும் போகாதீர்கள். கட்டி இருக்கிறது, பயமாக இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு என்னோடு வருகிறாயா என்று கேளுங்கள். கேட்பதற்கு வாய் வராது என்று எனக்குத் தெரியும். மனு எழுதுவது உங்களுக்குக் கைவந்த வேலை, ஒரு தாளில் எழுதியாவது கொடுங்கள். கல்யாண வேலை இருக்கும் வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று தயங்காதீர்கள். ஒருவேளை அவளால் வர முடியாமல் போனால் குழுவில் இன்னொருவரைக் கேளுங்கள். யாரும் இல்லை என்று திரும்பி வராமல், தனியாகவாவது பஸ் ஏறிவிடுங்கள். இடையில் இரவில் தூக்கம் வராமல் மனம் அலைந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம். இலவசம். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

தோழி வந்தால் ஒன்று செய்யுங்கள். ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் அவள் நிற்கட்டும். அவளுக்கு வரிசை தெரியாது, தப்பான இடத்தில்கூடப் போய் நிற்பாள், உங்களுக்குக் கை துறுதுறுக்கும். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். டாக்டர் சொல்வதை அவளும் கேட்கட்டும், ஃபைலை அவள் வைத்துக்கொள்ளட்டும்.

பரிசோதனை முடிவு எதுவாக இருந்தாலும் எனக்கு எழுதுங்கள். கல்யாணத்துக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். கட்டாயம் போங்கள். பந்தியில் பரிமாற எழுந்துவிடாமல், முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.